டிவியில் படம் ஓடுகிறது, சவுண்ட்பார் வாய் திறக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

திரையில் படம் ஓடுகிறது. சவுண்ட்பாரில் விளக்கும் எரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. இந்த நேரத்தில் பெரும்பாலானோர் செய்வது, டிவியின் செட்டிங்ஸுக்குள் புகுந்து கண்ணில் பட்டதையெல்லாம் ஒருமுறை மாற்றிப் பார்ப்பதுதான். அரைமணி நேரத்தில் ஒரு கோளாறு மூன்றாகிவிடும். எதை மாற்றினோம், முன்பு எப்படி இருந்தது என்பதும் மறந்துபோகும்.

அதனால் எந்த செட்டிங்கையும் தொடும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள்: சத்தம் எந்த இடத்தில் நின்றுபோகிறது? டிவிக்குள்ளேயா, பாருக்குள்ளேயா, இரண்டுக்கும் நடுவில் உள்ள வழியிலா?

முதலில் இரண்டு சோதனைகள்

ஒன்று: உங்கள் போனை புளூடூத்தில் சவுண்ட்பாரோடு இணைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். பாட்டு கேட்டால் பாரின் ஸ்பீக்கர், உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர், பவர் எல்லாம் நலம். புளூடூத் இல்லாத பார் என்றால் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் ஒயரைச் செருகிப் பாருங்கள்.

இரண்டு: டிவியில் சவுண்ட் அவுட்புட் பகுதிக்குப் போய் ‘டிவி ஸ்பீக்கர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிவியிலிருந்தே சத்தம் வந்தால் டிவியும் நலம்.

இரண்டிலும் சத்தம் வந்துவிட்டால் கோளாறு நடுவில் இருக்கிறது. நான் பார்த்தவரை இப்படித்தான் அதிகம் அமைகிறது. கேபிள், அது செருகப்பட்ட துளை, டிவி எந்த வடிவத்தில் ஒலியை அனுப்புகிறது என்ற தேர்வு, இவற்றில் ஏதோ ஒன்று. பாரைப் பெட்டியில் போட்டுக் கடைக்குத் தூக்கிப் போக அவசரப்பட வேண்டாம்.

சோதிக்கும்போது டிவியிலேயே இருக்கும் ஏதாவது ஒரு ஆப்பில் வீடியோவைப் போட்டுச் சோதியுங்கள். செட்டாப் பாக்ஸையும் கேம் கன்சோலையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவை நடுவில் வந்தால் சந்தேகப்பட வேண்டிய இடம் இன்னும் ஒன்று கூடிவிடும்.

டிவியிலும் இல்லை, பாரிலும் இல்லை

டிவி ஸ்பீக்கருக்கு மாற்றிய பிறகும் சத்தம் வரவில்லை என்றால் சவுண்ட்பாரை விட்டுவிடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மியூட், வால்யூம் பார்த்தாகிவிட்டதா? அடுத்து, டிவியோடு புளூடூத் ஹெட்போன் ஏதாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய நாள் இரவு யாரோ ஹெட்போனில் படம் பார்த்திருப்பார்கள், ஹெட்போன் மேசை டிராயருக்குள் உயிரோடு கிடக்கும், டிவி அதற்குத்தான் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். டிவியின் ஹெட்போன் துளையில் ஏதாவது ஒயர் செருகியிருந்தாலும் பல டிவிகள் தங்கள் ஸ்பீக்கரை நிறுத்திவிடும்.

ஒரு குறிப்பிட்ட ஃபைலுக்கு மட்டும் இப்படி ஆகிறது என்றால் அதைப் பற்றி கீழே தனியாகச் சொல்கிறேன்.

எச்டிஎம்ஐ போட்டிருக்கிறேன், டிவி பாரைக் கண்டுகொள்ளவே இல்லை

சவுண்ட் அவுட்புட் பட்டியலில் சவுண்ட்பாரின் பெயரே இல்லை, அல்லது ‘எச்டிஎம்ஐ ஏஆர்சி’ என்ற வரி மங்கலாக இருந்து அழுத்த முடியவில்லை. அப்படியானால் இரண்டு சாதனங்களும் ஒன்றையொன்று இன்னும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

எச்டிஎம்ஐ கேபிளில் படமும் ஒலியும் வழக்கமாக ஒரே திசையில்தான் போகும், பாக்ஸிலிருந்து டிவிக்கு. சவுண்ட்பாருக்கு வேண்டியது எதிர்த்திசை. டிவியிலிருந்து ஒலி அதே கேபிளில் திரும்பி வர வேண்டும். அதற்காக 2009ல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்பில் கொண்டுவந்த வசதிதான் ஏஆர்சி. அதற்கு முன் வந்த டிவியாக இருந்தால் இந்த வசதியே இருக்காது, ஆப்டிகல்தான் வழி.

இதில் முதல் தவறு துளையில் நடக்கும். டிவியின் பின்னால் மூன்று, நான்கு எச்டிஎம்ஐ துளைகள் இருக்கலாம், ஆனால் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி (அதன் புதிய வடிவம், கீழே சொல்கிறேன்) என்று எழுதியிருப்பது ஒன்றுதான். கேபிள் அதில்தான் போக வேண்டும். ஒவ்வொரு டிவியிலும் அந்தத் துளையின் எண் வேறு. சுவரில் மாட்டிய டிவி என்றால் போனின் கேமராவைப் பின்னால் நீட்டி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். கையால் தடவித் துளையை எண்ணுகிற வேலை வேண்டாம், பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும்.

பாரின் பக்கமும் இதே கதை. சில பார்களில் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும், ஒன்றில் ‘இன்’, இன்னொன்றில் ‘அவுட்’. ஒலி பாருக்குள்ளே வருகிறதே, அப்படியென்றால் ‘இன்’தானே என்று நினைப்போம். இல்லை. டிவியிலிருந்து வரும் கேபிள் ‘அவுட்’ என்று எழுதிய துளையில்தான் போக வேண்டும், பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ‘டிவி ஏஆர்சி’ என்றிருக்கும். ‘இன்’ என்பது கன்சோலையோ பாக்ஸையோ நேராகப் பாரில் செருகுவதற்கு.

துளை சரி என்றால் அடுத்தது சிஇசி. ஒரு சாதனம் இன்னொன்றுக்கு ‘ஆன் ஆகு’, ‘வால்யூமைக் கூட்டு’ என்றெல்லாம் செய்தி அனுப்பும் வசதி அது. ஏஆர்சியைத் தொடங்கச் சொல்லும் செய்தியும் இந்த வழியில்தான் போகிறது. எனவே சிஇசி அணைந்திருந்தால் ஏஆர்சியும் எழுந்திருக்காது. ஆனால் டிவி மெனுவில் சிஇசி என்ற பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈஸிலிங்க். டிவியில் இதை ஆன் செய்யுங்கள். பாரிலும் இப்படி ஒரு சுவிட்ச் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பார் தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்கலாம். ‘இதே கேபிளில் கன்சோல் நன்றாக ஓடுகிறதே’ என்ற பதில் உடனே வரும். எச்டிஎம்ஐ பிளக்கில் 19 பின்கள் இருக்கின்றன. படம் வேறு பின்களில் போகிறது, ஏஆர்சியின் ஒலிக்கு 14ஆவது பின் வேண்டும், சிஇசிக்கு 13ஆவது. பழைய பதிப்புகளில் 14ஆவது பின்னுக்கு எந்த வேலையும் இல்லாததால் மலிவான சில கேபிள்களில் அந்தக் கம்பியே இணைந்திருக்காது. அந்தக் கேபிளில் படம் பளிச்சென்று வரும், திரும்பி வரும் ஒலிக்கு மட்டும் பாதை இருக்காது. ஆகவே படம் வருகிறது என்பதை வைத்து கேபிளுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. பாரோடு பெட்டியில் வந்த கேபிள் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ‘ஹை ஸ்பீட் வித் ஈதர்நெட்’ அல்லது ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்று எழுதிய கேபிள் வாங்குங்கள். நடுவில் ஸ்பிளிட்டர், நீட்டிப்பு அடாப்டர் எது இருந்தாலும் கழற்றிவிட்டு நேரடியாகச் சோதியுங்கள்.

பெயர் தெரிகிறது, தேர்ந்தெடுத்தும் விட்டேன், சத்தம் இல்லை

நிறைய பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். பார் எந்த இன்புட்டில் நிற்கிறது? போனில் பாட்டுப் போட்டுச் சோதித்தோமே, அது இன்னும் புளூடூத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம். பாரின் ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி ‘டிவி’, ‘ஏஆர்சி’, ‘டி.இன்’ என்று எது காட்டுகிறதோ அதில் வையுங்கள். எழுத்துத் திரை இல்லாத பார்களில் விளக்கின் நிறம்தான் அடையாளம், எந்த நிறம் எதற்கு என்பது அதன் கையேட்டில் இருக்கும். பாருக்குத் தனியாக ஒரு மியூட் உண்டு, தனியாக வால்யூமும் உண்டு. டிவி திரையில் 40 என்று காட்டினாலும் பார் 2ல் நின்றுகொண்டிருக்கலாம்.

இன்புட் சரி, வால்யூம் சரி, இன்னும் மௌனம் என்றால் டிவி அனுப்பும் ஒலி வடிவம் பாருக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டிவி மூன்று விதமாக அனுப்ப முடியும். பிசிஎம் என்றால் டிவியே ஒலியைப் பிரித்துச் சாதாரண ஸ்டீரியோவாகக் கொடுக்கிறது. பிட்ஸ்ட்ரீம் அல்லது ஆட்டோ என்றால் டால்பி டிஜிட்டல் போன்ற சுருக்கிய வடிவத்தில் அனுப்பி, பிரிக்கிற வேலையைப் பாரிடம் விடுகிறது. பாஸ் த்ரூ என்றால் தனக்கு வந்ததை வந்தபடியே தள்ளிவிடுகிறது. எளிய சவுண்ட்பார் சிலவற்றில் பிரிக்கும் வசதி குறைவு. தனக்குத் தெரியாத வடிவம் வந்தால் பார் பிழைச் செய்தி எதுவும் காட்டாது, சும்மா இருந்துவிடும். சில நேரம் கரகரவென்ற இரைச்சலும் வரலாம், அப்படி வந்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள்.

செய்ய வேண்டியது இது. டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட்’ அல்லது ‘டிஜிட்டல் ஆடியோ அவுட்’ என்ற வரியைத் தேடுங்கள். சிலவற்றில் ‘எக்ஸ்பர்ட் செட்டிங்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு படி உள்ளே தள்ளி ஒளித்து வைத்திருப்பார்கள். அதை பிசிஎம் ஆக்குங்கள். உடனே சத்தம் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கேபிள், துளை, பார் எதிலும் பழுதில்லை, வடிவம்தான் ஒத்துப்போகவில்லை.

பிசிஎம் வைத்தால் ஒலி குறைந்துவிடாதா என்றால், இரண்டு சேனல் மட்டுமே உள்ள பாருக்குப் பெரிய நஷ்டம் எதுவுமில்லை. 5.1 சேனல் பார், பின்னால் வைக்கும் ஸ்பீக்கர், அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போல் காட்டும் டால்பி வசதி) இதெல்லாம் இருந்தால் பிசிஎம்மிலேயே விட்டுவைக்காதீர்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறிப் பாருங்கள்: டால்பி டிஜிட்டல், அப்புறம் டால்பி டிஜிட்டல் பிளஸ், அப்புறம் ஆட்டோ அல்லது பாஸ் த்ரூ. எந்தப் படியில் சத்தம் நின்றுபோகிறதோ அதற்கு முந்தைய படிதான் உங்கள் பாரின் எல்லை.

ஈஏஆர்சி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017ல் எச்டிஎம்ஐ 2.1 பதிப்போடு வந்த இது ஏஆர்சியின் பெரிய அண்ணன். ஏஆர்சியின் அகலம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மெகாபிட், இதற்கோ 37 மெகாபிட் வரை. டால்பி ட்ரூஎச்டி, சுருக்காத 5.1, 7.1 ஒலியெல்லாம் இதில் போகும். ஆனால் டிவியும் பாரும் இரண்டுமே ஈஏஆர்சி உள்ளவையாக இருக்க வேண்டும். பார் பழையது, டிவி புதியது என்றால் டிவியின் ஈஏஆர்சி வரியை ‘ஆட்டோ’வில் வையுங்கள். அப்படியும் தகராறு செய்தால் ‘ஆஃப்’ செய்துவிடுங்கள், சாதாரண ஏஆர்சியில் வேலை நடக்கும். அட்மாஸ் வேண்டுமென்றால் ஈஏஆர்சி கட்டாயம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஓடிடி ஆப்களில் வரும் அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸுக்குள் பொதிந்துதான் வருகிறது, அது ஏஆர்சியிலேயே போகும். ப்ளூரே தட்டில் இருக்கும் ட்ரூஎச்டி அட்மாஸுக்குத்தான் ஈஏஆர்சி தேவை. அந்தப் பேச்சை நம்பிப் புது டிவி வாங்கிவிடாதீர்கள்.

ஒரு ஆப்பில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை

இதுவும் வடிவச் சிக்கல்தான், கேபிளைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஆப் ஸ்டீரியோவில் அனுப்புகிறது, இன்னொன்று டால்பியில். மேலே சொன்ன பிசிஎம் சோதனையைச் செய்யுங்கள். ஆப்புக்குள்ளேயே ஆடியோ தேர்வு இருந்தால் 5.1 என்பதை ஸ்டீரியோ ஆக்கிப் பாருங்கள்.

செட்டாப் பாக்ஸில் மட்டும் வரவில்லை என்றால் பாக்ஸின் செட்டிங்ஸில் டால்பியை எடுத்துவிட்டு ஸ்டீரியோ அல்லது பிசிஎம் வையுங்கள். பாக்ஸுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என இரண்டு இடத்தில் இந்தத் தேர்வு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. டிவியை மட்டும் மாற்றிவிட்டுக் குழம்புவார்கள்.

பென்டிரைவில் போட்ட படத்துக்கு மட்டும் சத்தம் இல்லை, டிவி ஸ்பீக்கரிலும் இல்லை, மற்றதெல்லாம் சரி என்றால் அந்த ஃபைலின் ஒலி டிடிஎஸ் (டால்பி போல இன்னொரு சுருக்கிய வடிவம்) வடிவத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். 2018 முதல் வந்த சாம்சங் டிவிகளில் டிடிஎஸ் கிடையாது. எல்ஜியும் 2020 மாடல்களில் அதை எடுத்துவிட்டது. பார் டிடிஎஸ்ஸைப் பிரிக்கத் தெரிந்ததாக இருந்தாலும் டிவி நடுவில் நின்று அதைப் போகவிடாது. ஃபைலில் வேறு ஆடியோ டிராக் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஒலியை மட்டும் கம்ப்யூட்டரில் ஏசி3 (டால்பி டிஜிட்டல்தான்) ஆக மாற்றிவிட்டால் போதும், படத்தைத் தொட வேண்டாம். பாரில் ‘இன்’ துளை இருந்து, உங்களிடம் ஒரு மீடியா பிளேயரும் இருந்தால் பிளேயரை நேரே பாரில் செருகுவது இன்னும் நல்லது, ஒலி டிவியைத் தொடாமலே பாருக்குப் போய்விடும்.

நேற்று வரை வந்தது, இன்று இல்லை

யாரும் எதையும் தொடவில்லை, மின்சாரம் போய் வந்தது, அல்லது டிவி இரவில் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய சினேகிதர்கள் திடீரென்று முகம் திருப்பிக்கொண்டது போல டிவியும் பாரும் பேசிக்கொள்ளாது.

சிஇசி வலையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரி உண்டு. டிவிக்கு 0, ஆடியோ சாதனத்துக்கு 5. மின்சாரம் தடுமாறும்போதோ புதிதாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகும்போதோ இந்த அறிமுகம் பாதியில் நின்றுபோகலாம். ரிமோட்டில் அணைத்துப் போட்டால் சரியாகாது, ஏனென்றால் ஸ்டாண்ட்பையிலும் சிஇசி விழித்துக்கொண்டுதான் இருக்கும். மின்சாரத்தை அடியோடு துண்டிக்க வேண்டும்.

டிவி, பார் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். எச்டிஎம்ஐ கேபிளை இரு முனையிலும் கழற்றுங்கள். டிவியில் செருகியிருக்கும் மற்ற எச்டிஎம்ஐ சாதனங்களையும் தற்காலிகமாகக் கழற்றி வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிய அவ்வளவு நேரம் வேண்டும், பத்து விநாடியில் திரும்பச் செருகினால் பாதிப் பலன்தான். பிறகு கேபிளைச் செருகி, டிவியை முதலில் ஆன் செய்து முழுதாக எழும்பவிட்டு, அதற்கப்புறம் பாருக்கு மின்சாரம் கொடுங்கள். சத்தம் வந்ததும் மற்ற சாதனங்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அந்தச் சாதனத்தின் மெனுவில் சிஇசியை அணைத்துவிட்டால் பிரச்சினை தீரும்.

தினமும் காலையில் இதே தொல்லை என்றால் டிவியின் ‘க்விக் ஸ்டார்ட்’ போன்ற விரைவுத் தொடக்க வசதியை அணைத்துப் பாருங்கள். டிவி எழும்ப இன்னும் சில விநாடிகள் ஆகும், பதிலுக்கு ஒவ்வொரு முறையும் பாரைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். அப்டேட்டுக்குப் பின் தொடங்கிய கோளாறு என்றால் டிவிக்கு மட்டும் புது ஃபர்ம்வேர் (உள்ளே இயங்கும் மென்பொருள்) வந்து பார் பழையதிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பாருக்கும் அப்டேட் உண்டு, பெரும்பாலும் அதன் போன் ஆப் வழியாகவோ பென்டிரைவ் வழியாகவோ.

ஆப்டிகல் போட்டிருக்கிறேன், சத்தம் இல்லை

ஆப்டிகலில் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. 1983ல் தோஷிபா கொண்டுவந்த வழி, ஒளியை அனுப்பும், அவ்வளவுதான். அதனால் கோளாறு பிடிப்பதும் சுலபம்.

பார் பக்கத்து முனையைக் கழற்றி உள்ளங்கையை நோக்கிப் பிடியுங்கள். டிவி ஆன் ஆகியிருந்தால் தோலில் சிவப்பாக ஒரு புள்ளி விழும். அறை விளக்கை அணைத்தால் நன்றாகத் தெரியும். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். புள்ளி இல்லையென்றால் இரண்டு காரணங்கள்தான். டிவியில் ஆப்டிகல் அவுட்புட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, அல்லது கேபிள் முறிந்திருக்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டு டிவியின் துளையையே பாருங்கள், அங்கே சிவப்பு ஒளி இருந்தால் பழுது கேபிளில். டிவிக்கும் சுவருக்கும் நடுவில் கேபிள் கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் இழை, ஒருமுறை மடிந்துவிட்டால் நிமிர்த்தினாலும் பயனில்லை.

புதுக் கேபிள் என்றால் டிவியில் செருகும் முன் முனையைக் கண்ணுக்கருகே கொண்டுவந்து பாருங்கள். நகத்தளவுகூட இல்லாத நிறமற்ற பிளாஸ்டிக் மூடி இரண்டு முனையிலும் இருக்கும். பிளக்கின் ஒரு பகுதி என்று நினைத்து அப்படியே செருகிவிடுவார்கள், உள்ளே போகாமல் தள்ளிப் பார்ப்பார்கள். உருவி எடுங்கள். பிளக் சரியாக உட்கார்ந்தால் ‘டக்’ என்று கையில் தெரியும். அது தெரியாவிட்டால் முழுதாகப் போகவில்லை. பிளக்கின் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும், துளையின் வடிவத்தைப் பார்த்துத் திருப்பிச் செருகுங்கள்.

ஒளி வருகிறது, பார் சரியான இன்புட்டில் நிற்கிறது, இருந்தும் மௌனம் என்றால் மறுபடி வடிவம்தான். ஆப்டிகலில் ஸ்டீரியோ பிசிஎம், டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் வரை போகும். டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது, அட்மாஸும் போகாது. டிவியில் பிசிஎம் வையுங்கள். வால்யூமுக்கு டிவி ரிமோட் வேலை செய்யாது, பாரின் ரிமோட்தான். அது கோளாறு இல்லை, ஆப்டிகலில் சிஇசி கிடையாது. டிவி ரிமோட்டின் சிக்னலைக் கற்றுக்கொள்ளும் பார்களும் இருக்கின்றன, கையேட்டில் பாருங்கள்.

புளூடூத்தில் இணைகிறது, ஆனால் சத்தம் போனிலிருந்துதான் வருகிறது

வீட்டில் யாருடைய போனோ பாரைப் பிடித்துவைத்திருக்கிறது. அடுத்த அறையில் இருந்தாலும் முன்பு இணைந்த போன் தானாகவே ஒட்டிக்கொள்ளும். எல்லாப் போன்களிலும் புளூடூத்தை அணைத்துவிட்டு, பாரில் புளூடூத் பட்டனை நீளமாக அழுத்தி இணைப்பு நிலைக்குக் கொண்டுவந்து, டிவியிலிருந்து தேடுங்கள். விளக்கு வேகமாக மின்னினால்தான் இணையத் தயார். பழைய ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் புளூடூத் இருந்தும் ஒலியை அனுப்பும் வசதி இருக்காது, ரிமோட்டுக்கும் கீபோர்டுக்கும் மட்டும்தான். இதற்கு செட்டிங் தேடிப் பயனில்லை. புளூடூத் நன்றாக இணைந்தாலும் உதட்டசைவுக்குப் பின்னால் பேச்சு வருவது வழக்கம். கேபிள் போட இடமிருந்தால் புளூடூத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இசை வருகிறது, பேச்சு மட்டும் இல்லை

ஆக்ஸ் ஒயர் போட்டவர்களுக்கு வரும் விசித்திரம் இது. பின்னணி இசை குகைக்குள் கேட்பது போல் ஒலிக்கும், வசனம் காணாமல் போயிருக்கும். 3.5 மில்லிமீட்டர் பிளக் முழுதாக உள்ளே போகாமல் எர்த் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அப்போது இடது, வலது இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். வசனத்தை எப்போதும் நடுவில்தான் கலப்பார்கள், அதனால் முதலில் காணாமல் போவது அதுதான். பிளக்கை அழுத்திச் செருகுங்கள், உறை தடிமனாக இருந்து தடுக்கிறதா பாருங்கள், ஒயரை மாற்றிப் பாருங்கள்.

ஆக்ஸில் ஒலி மிகச் சன்னமாக இருந்தால் டிவியின் வால்யூம் குறைந்திருக்கும். ஹெட்போன் துளையில் டிவி வால்யூமும் பார் வால்யூமும் இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். டிவியை முக்கால் அளவில் வைத்துவிட்டு மீதியைப் பாரில் கூட்டிக்கொள்ளுங்கள்.

எச்டிஎம்ஐயில் பேச்சு சன்னமாக இருந்தால் அது வேறு. 5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் அடக்கும்போது நடு சேனல் அமுங்கிவிடுகிறது. பிசிஎம் வையுங்கள், பாரில் ‘வாய்ஸ்’ அல்லது ‘டயலாக்’ நிலை இருந்தால் அதைப் போடுங்கள்.

பத்து இருபது நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது

பாரின் தானியங்கி அணைப்பு. ஒலி மிகக் குறைவாக இருந்தால் ‘யாரும் கேட்கவில்லை’ என்று முடிவுசெய்து தூங்கிவிடும். டிவி வால்யூமைக் குறைத்து ஆக்ஸில் கேட்பவர்களுக்கு இது அதிகம் வரும். பாரின் மெனுவில் ‘ஆட்டோ பவர்’, ‘ஆட்டோ ஸ்டாண்ட்பை’ என்றிருப்பதை அணைத்துவிடுங்கள்.

சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒலி விட்டு விட்டு வந்தால் அது வேறு நோய், அநேகமாக எச்டிஎம்ஐ கேபிள். நீளமான கேபிளுக்குப் பதில் குட்டையான ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

எதுவும் ஆகவில்லை

பாரை ஃபேக்டரி ரீசெட் செய்யலாம், அதில் பெரிதாக இழக்க ஒன்றுமில்லை. ஓரிரு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும். டிவியை ரீசெட் செய்வதைக் கடைசிக்கு வையுங்கள், ஆப்களின் பாஸ்வேர்டு எல்லாம் திரும்பப் போட வேண்டிவரும்.

அதற்கும் முன்னால், வேறு ஒரு வீட்டு டிவியில் இதே பாரை இதே கேபிளோடு செருகிப் பாருங்கள். அங்கே பாடினால் உங்கள் டிவியின் ஏஆர்சி துளைதான் போயிருக்கிறது. மின்சாரம் ஏறி இறங்கும்போதும், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைச் செருகிப் பிடுங்கும்போதும் அந்தத் துளை அடிபடுவது உண்டு. படம் வரும் பின்கள் நலமாக இருந்து ஒலி திரும்பும் பின் மட்டும் செத்துப்போவதும் நடக்கும். அதற்காக போர்டை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். டிவியின் பின்னால் ஆப்டிகல் துளை ஒன்று சும்மா கிடக்கும். அதில் ஒரு கேபிளைச் செருகி, டிவியில் அவுட்புட்டை ஆப்டிகலுக்கு மாற்றினால் சத்தம் வந்துவிடும். அட்மாஸ் கிடைக்காது, டிவி ரிமோட்டில் வால்யூம் மாற்ற முடியாது, இழப்பது அவ்வளவுதான்.

டெக்னீஷியனைக் கூப்பிடுவதாக இருந்தால் ‘சவுண்ட்பார் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். போனிலிருந்து புளூடூத்தில் பாடுகிறது, டிவி ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, ஆப்டிகலில் வருகிறது, ஏஆர்சியில் மட்டும் இல்லை, கேபிளை மாற்றியாகிவிட்டது என்று வரிசையாகச் சொல்லுங்கள். பாரின் மாடல் எண்ணையும் டிவியின் மாடல் எண்ணையும் ஸ்டிக்கரிலிருந்து போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.